கழுநீர்ப் பானையில் விழுந்த முடிச்சு

என் வயதுக்காரர்களே, முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். என் மருமகள் என்னைக் கஞ்சப் பிசினாறி என்று நினைக்கிறாள். வாய்விட்டுச் சொல்வதில்லை, நல்ல பெண். ஆனால் நான் பால் பாக்கெட்டைக் கழுவிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைக்கும்போது அவள் பார்க்கிற பார்வைக்கு வேறு அர்த்தம் கிடையாது. பாக்கெட்டின் மூலையை வெட்டும்போதுகூட, அந்தத் துணுக்கு தனியாகக் கழன்று விழாதபடி ஓரத்தில் ஒட்டவைத்தே வெட்டுவேன். கறிக்கடைக்குப் போனால் மூடிபோட்ட சம்படத்தை நீட்டுவேன். பரோட்டாக் கடைக்குப் போனால் சால்னாவுக்குத் தூக்குவாளி. அந்தக் கடையில் என்னை 'வாளியம்மா' என்று கூப்பிடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

கஞ்சத்தனம் என்றே எல்லாரும் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையான காரணத்தைச் சொன்னால் இருக்கிற மரியாதையும் போய்விடுமே என்ற பயம். இந்த வயதில் மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன்? சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பு படித்தபோது, மாசியில் தொடங்கி வைகாசியில் முடிந்த ஒரு கோடையில், நான் ஒரு மாட்டைக் கொல்லப் பார்த்தேன். அன்பாகத்தான்.

திண்டுக்கல்லில் மலைக்கோட்டைக்குத் தெற்கே இருந்தது எங்கள் தெரு. ஓட்டு வீடுகள். முன்வாசல் தெருவைப் பார்த்திருக்கும், பின்வாசல் ஒரு சந்தைப் பார்த்திருக்கும். ஒவ்வொரு வீட்டுப் பின்வாசலிலும் ஒரு கழுநீர்ப் பானை. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல், கீரைத்தண்டு, பழத்தோல், மிஞ்சிய சோறு எல்லாம் அதில்தான் போகும். மத்தியான வெயிலில் லேசாகப் புளித்து ஒரு வாடை வரும். சிலருக்குக் குமட்டும். எனக்கு அது வீட்டு வாடை. அடுப்புச் சாம்பல் பாத்திரம் தேய்க்கப் போய்விடும், காகிதம் அடுப்பு மூட்டப் போய்விடும். எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. வந்திருந்தாலும் எடுக்க ஒன்றும் இருந்திருக்காது.

அந்தப் பானைகளைக் காலி செய்ய வருபவர் பாலக்கா. பெயர் உண்டு, ஆனால் பிள்ளைகள் நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டோம். பெரியவர்கள் 'பால்காரி' என்றார்கள், 'அவ', 'இவ' என்றார்கள். இன்று எழுதும்போது என் பேனாவுக்கு அது வரவில்லை. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. வீட்டுக்காரர் நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போய்விடுவார். வீட்டில் ஒரே ஒரு செவலைப் பசு. காலையில் எங்கள் தெருவுக்குப் பால், மத்தியானம் மூன்று மணிக்கு எங்கள் தெருவிலிருந்து கழுநீர். சைக்கிள் கேரியரின் இரண்டு பக்கமும் தகர டின்களைக் கட்டித் தள்ளிக்கொண்டே வருவார். அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது, தள்ள மட்டும்தான் தெரியும்.

பானையைச் சாய்க்கும்போதே அவருக்கு அந்த வீட்டின் வண்டவாளம் தெரிந்துவிடும். "என்னக்கா, இன்னைக்கு உங்க வீட்டுல விருந்தாளியா? வெஞ்சனம் பலமாத் தெரியுது" என்பார் அம்மாவிடம். எந்த வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு உலை வைக்கவில்லை, எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்து கஞ்சி மிஞ்சியது, எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு வீட்டுச் சேதியை இன்னொரு வீட்டில் அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. எங்கள் தெருவில் அது எவ்வளவு பெரிய குணம் என்பது எங்கள் தெருவில் குடியிருந்தவர்களுக்குத்தான் புரியும்.

இப்போது நீலக் கவருக்கு வருகிறேன்.

அப்பா ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். அந்தத் தைப்பொங்கலுக்கு முதலாளி கடைப் பெயர் அச்சடித்த பிளாஸ்டிக் கவர்களைத் தருவித்திருந்தார். நல்ல நீலம், அதில் வெள்ளை எழுத்து. அச்சு கோணலாக விழுந்ததால் ஒதுக்கிய ஒரு கட்டுக் கவரை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்று எங்கள் வீட்டில் திருவிழா. ஒரு கவரில் செம்பு நிறையத் தண்ணீரை ஊற்றித் தூக்கிப் பிடித்து, "பாத்தியா, ஒரு சொட்டு ஒழுகுதா? இனி மழையில நனஞ்சாலும் புஸ்தகத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். எதிர்வீட்டு அத்தை (சந்துக்கு எதிர்ப்புறம் இருந்தவர், சொந்த அத்தை இல்லை, தெருவே அவரை அத்தை என்றது) ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டுபோய்த் தன் பட்டுப்புடவையை அதில் போட்டுப் பெட்டியில் வைத்தார். அம்மா அதில் தேங்காய் பழம் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனாள். அப்படித் தலையில் தூக்கி வைத்து ஆடினோம். மாசி பிறப்பதற்குள் மளிகைக் கடை, பழக்கடை, பரோட்டாக் கடை என்று எல்லா இடத்திலும் கவர் வந்துவிட்டது. அச்சில்லாத வெள்ளையும் சிவப்பும். எங்கள் நீலத்துக்கு மட்டும் தனி மவுசு.

அந்த மாசியில்தான் பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஈயைப் பற்றி நடத்தினார். ஈ எதன்மேல் உட்கார்ந்துவிட்டு எதன்மேல் வந்து உட்காரும் என்று கரும்பலகையில் படம் போட்டார். திறந்து வைத்த சாப்பாடு, ஈ, காலரா. "உங்க வீட்டுல இருந்து ஆரம்பிங்க" என்றார். இந்த மாதிரி யாராவது சொன்னால் நான் அன்றைக்கே ஆரம்பித்துவிடுகிற ஆள். இன்றும் அப்படித்தான், அதனால்தான் அடி வாங்குகிறேன்.

காலையில் பள்ளிக்குப் போகும் முன் முந்தின நாள் மிச்சத்தைக் கழுநீர்ப் பானையில் போடுவது என் வேலை. பானையைச் சுற்றி ஈ மொய்ப்பது அதுவரை என் கண்ணில் படவில்லை. அன்று பட்டது. செவலைக்குக் காலரா வந்துவிட்டால்? நான் ஒரு நீலக் கவரை எடுத்தேன். மிஞ்சிய சோறு, சிறுமலை வாழைப்பழத்தோல், தேங்காய்த் துருவல் திப்பி எல்லாவற்றையும் அதில் போட்டு, காற்றைப் பிதுக்கிவிட்டு வாயைச் சுருட்டி, இரண்டு முடிச்சுப் போட்டுப் பானைக்குள் விட்டேன். அது மெல்ல உள்ளே அமிழ்ந்தது. ஈ எங்கே உட்காரும் பார்ப்போம் என்று நின்று பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போனேன்.

அம்மாவுக்குப் பெருமை. எதிர்வீட்டு அத்தைக்கு அதைவிடப் பெருமை. "இத்துனூண்டு புள்ள எம்புட்டுச் சுத்தமாக் கட்டிப் போடுது பாருங்க. நமக்கு இது தோணுச்சா?" என்று குழாயடியில் சொன்னார். குழாயடியில் சொன்னால் அது தெரு முழுக்கச் சொன்ன மாதிரிதான். பத்து நாளில் பாதி வீடுகள் கட்டிப் போட ஆரம்பித்தன. பானையும் அழுக்காகாது, கையிலும் ஒட்டாது. மாரியம்மன் திருவிழா வந்தது. மாவிளக்கு, பொங்கல், கூழ் என்று மிச்சம் நிறைய. எல்லாம் கவரில் கட்டப்பட்டு அழகாகப் பானைக்குள் போயின. நல்ல பழக்கம் ஒன்றைத் தெருவுக்கே கற்றுக்கொடுத்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

பாலக்கா பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். மிதந்து வந்த ஒன்றிரண்டை எடுத்துப் போட்டாராம். சோற்றின் பாரத்தில் அடியில் கிடந்தது எதுவும் அவர் கண்ணில் படவில்லை. கழுநீர் கலங்கலாக இருக்கும், பானையைச் சாய்த்ததும் டின்னுக்குள் போய்விடும், வீட்டில் டின்னைச் சாய்த்ததும் கல்தொட்டிக்குள் போய்விடும். கழுநீர்ப் பானையின் அடியிலும் தின்ன முடியாத பொருள் கிடக்கும் என்று அதுவரை யாரும் சந்தேகப்பட்டதே இல்லை. அந்த வருஷம் மழையும் இல்லை. குளம் வெடித்துக் கிடந்தது, செம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் வைக்கோலும் வரவில்லை. செவலைக்கு எங்கள் பானைகள்தான் சாப்பாடு. பசியோடு இருக்கிற மாடு தொட்டியில் விழுந்ததைப் பார்த்துப் பார்த்தா தின்னும்?

பங்குனி பிறந்தபோது பால் குறைந்தது. அம்மாகூட ஒருநாள், "ஏத்தா, பாலு தண்ணியா இருக்கே" என்றாள். எதிர்வீட்டு அத்தை அதையே கொஞ்சம் பலமாகச் சொன்னார், தண்ணீர் கலக்கிறாய் என்கிற அர்த்தம் வரும்படி. பாலக்காவுக்குச் சுருக்கென்று வரும் கோபம் அன்று வரவில்லை. "மாடு அசை போட மாட்டேங்குதுக்கா. இடது பக்கம் வயிறு கல்லாட்டம் இருக்கு. ஏழு மாசச் சினை வேற" என்று மட்டும் சொன்னார். சொல்லும்போது அழுகிறாரோ என்று எனக்குத் தோன்றியது. கண்திருஷ்டி என்றது தெரு. மேயக் கூடாததை மேய்ந்திருக்கும் என்றது. கண்ட இடத்தில் அவிழ்த்து விட்டால் இப்படித்தான் என்றும் சொன்னது. பாலக்கா வெற்றிலையும் மிளகும் இடித்துக் கொடுத்தார், நல்லெண்ணெய் கொடுத்தார், புளித்த மோர் கொடுத்தார். செவலை தலையைத் தொங்கப்போட்டு நின்றது.

சனிக்கிழமை காலையில் மாட்டு டாக்டர் வந்தார். ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்து வர மாட்டால் முடியாது என்று அவரே கம்பவுண்டரோடு வந்துவிட்டார். பள்ளி விடுமுறை, தெருவே பாலக்கா வீட்டு வேப்பமரத்தடியில் நின்றது. நானும் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாட்டை நிற்கவைத்தே இரண்டு கம்புகளுக்கு நடுவில் கட்டி, விலாவில் மரத்துப்போக ஊசி போட்டு, டாக்டர் கீறினார். அம்மா என் கண்ணைப் பொத்தினாள். விரலிடுக்கில் பார்த்தேன்.

டாக்டர் தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டார். வெளியே எடுத்தபோது கையில் ஒரு வெள்ளைக் கவர். அடுத்து ஒரு சிவப்பு. அதற்கடுத்து ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு புரிபுரியாக வந்தது. இழுக்க இழுக்க வந்தது. நாற்றம் தாங்காமல் ஆண்கள் தள்ளிப் போனார்கள். "இம்புட்டும் வயித்துக்குள்ளயா கெடந்துச்சு?" என்று யாரோ சொன்னார்கள். பெரிய அன்னக்கூடை ஒன்று நிறைந்தது. கடைசியில் டாக்டர் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். நீலம். கோணலான வெள்ளை எழுத்து. வாயில் இரண்டு முடிச்சு அப்படியே இறுகி இருந்தது. உள்ளே கறுத்துப்போன பழத்தோல்.

"கட்டி வேற குடுத்திருக்காங்க பாருங்க" என்றார் டாக்டர்.

அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். அவள் அந்தக் கவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்குச் சிரமப்பட்டாள் என்று இப்போது தோன்றுகிறது.

தையல் போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டே டாக்டர் பாலக்காவிடம் பேசினார். "பொழச்சிரும்னு இப்பவே சொல்ல முடியாதும்மா. ஒரு வாரம் போகட்டும். மாடு தேறுனாலும் கன்னு நிக்கிறது உறுதியில்ல." பாலக்கா தலையை ஆட்டினார். அந்த ஒரு மாட்டில்தான் அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்தது என்பது பதினோரு வயதுப் பிள்ளையான எனக்கே தெரியும். அன்னக்கூடையைப் பார்த்தும் அவர் எங்கள் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பன்னிரண்டு நாள் அவர் தெருவுக்கு வரவில்லை. அப்போதுதான் எங்கள் கழுநீர் எவ்வளவு என்று எங்களுக்கே தெரிந்தது. பானைகள் நிரம்பி வழிந்தன. சாக்கடையில் ஊற்றினார்கள், சாக்கடை அடைத்துக்கொண்டது. டீச்சர் கரும்பலகையில் போட்ட ஈக்கள் எல்லாம் உயிரோடு வந்து எங்கள் சந்தில் குடியேறின. எதிர்வீட்டு அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு, "வராம இருந்து நம்மள பழி வாங்குறா" என்றார். மாட்டுக்குப் பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் ஈ தையலில் உட்கார்ந்துவிடும், பகல் முழுக்க விசிறிக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அவரும் கேட்டார்தான். கேட்டதை வசதிப்படி மறந்துவிடுவதில் எங்கள் தெருவுக்கு நல்ல பழக்கம்.

பதின்மூன்றாம் நாள் மூன்று மணிக்குப் பாலக்கா வந்தார். வெயில் ஏறி எங்களுக்கு அரைநாள் பள்ளியாகியிருந்தது, நானும் வீட்டில் இருந்தேன். சைக்கிள் இல்லை. இடுப்பில் ஒரு கூடை. சண்டைதான் வரப்போகிறது என்று பின்வாசல்கள் எல்லாம் திறந்துகொண்டன. அவர் சண்டை போட வரவில்லை. கூடையில் அந்தக் கவர்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் சீயக்காய் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, நாலாக மடித்து வைத்திருந்தார்.

முதல் வீட்டில் நின்றார். "இது உங்க வீட்டுச் சாமானான்னு பாருங்கக்கா. எங்க வீட்டுல தங்கிப்போச்சு" என்றார். குரலில் குத்தல் இல்லை. இரவல் வாங்கிய உரலைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் பேசுகிற மாதிரி பேசினார். அந்த வீட்டம்மா, "இல்லையே, எங்களுது இல்ல" என்று கதவைப் பாதி சாத்தினார். அடுத்த வீட்டிலும் இல்லை. அதற்கடுத்த வீட்டிலும் இல்லை. எதிர்வீட்டு அத்தை, "நாங்க கவரே வாங்குறதில்ல" என்று சாமி மேல் சத்தியமே செய்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பாலக்கா யாரோடும் வாதாடவில்லை. "சரிக்கா" என்று சொல்லி மடித்ததைத் திரும்பக் கூடையில் வைத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனார்.

எங்கள் பின்வாசலுக்கு வரும்போது தெருவே அவர் பின்னால் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்திருந்தது. அப்பாவுக்கு அன்று வாரவிடுமுறை. உள்ளே நின்றுகொண்டு காதும் காதும் வைத்தாற்போல் அம்மாவிடம் சொன்னார்: "பேசாம இரு. கடையில எத்தனையோ பேரு வாங்கிட்டுப் போறாங்க. நம்மளுதுன்னு யாரு சொல்ல முடியும்?" கோணல் அச்சு விழுந்த கட்டு எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் வந்தது என்பது அவருக்கும் தெரியும். நான் கதவுக்குப் பின்னால் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பாலக்கா நீலக் கவரை எடுத்தார். அதை மட்டும் மடிக்காமல், முடிச்சையும் அவிழ்க்காமல் கழுவியிருந்தார். "இது அக்கா..."

அம்மா படியிறங்கினாள். "குடு இங்கிட்டு. அது எங்க வீட்டுதுதான்" என்றாள். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள்.

பாலக்கா கொடுத்தார். அம்மா கையை நீட்டியபடியே நின்றாள். "மத்ததையும் குடு. யாருதும் இல்லைன்னா, எல்லாம் எங்களுதாவே இருந்துட்டுப் போகட்டும்."

கூடையை அப்படியே வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பாலக்கா அம்மாவை ஒரு நிமிஷம் பார்த்தார். "நாளைக்கு மூணு மணிக்கு வாரேன்க்கா. பானையில கழுநீர் மட்டும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெரு அம்மாவை மெச்சியது என்று நினைக்காதீர்கள். "கவரைக் கொண்டுவந்ததே அவுக வீடுதானே" என்று மறுநாளே குழாயடியில் பேச்சு. தங்கள் கவர்களும் எங்கள் கூடைக்குள் போய்விட்டதில் எல்லாருக்கும் நிம்மதி. அப்பா இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. கடையின் பேரைக் கெடுத்துவிட்டாள் என்று அவருக்குக் கோபம். அம்மா மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தாள். கட்டியது நான் என்று தெரிந்தும் அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவே இல்லை. குழாயடியில் எனக்குக் கிடைத்த பெருமையை அவள் மறந்திருப்பாளா?

மறுநாள் இரண்டரை மணிக்கு அவள் வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்கை வரைக்கும் கையைக் கழுநீர்ப் பானைக்குள் விட்டாள். அடியில் ஒரு சுற்றுத் துழாவினாள். புளியங்கொட்டை, எலும்புத்துண்டு, ஒரு நூல், எது கிடைத்தாலும் வெளியே வந்தது. அன்று மட்டுமில்லை, தினமும். அந்தப் புளித்த வாடை சோப்புப் போட்டாலும் அவள் கையை விட்டுப் போகவில்லை. அந்தக் கையால்தான் எனக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். அவள் துழாவும்போதெல்லாம் நான் துளசி மாடத்துக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். என் வேலையை அவள் செய்கிறாள் என்று தெரியும். முன்னால் போய் நிற்கத் தைரியம் வரவில்லை. என் அம்மாவைப் போல ஒரு ஆளை அதற்கப்புறம் நான் எங்கும் பார்க்கவில்லை, இதைச் சொல்லவே எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

வீட்டுக்குள் வேறு சில காரியங்களும் நடந்தன. எண்ணெய்க்கு மறுபடி தூக்குச்சட்டி போனது. கறிக்குச் சம்படம், பூவுக்கு வாழையிலை, காய்க்கு ஓலைக்கூடை. வாங்கப் போகும் முன் எதை எதில் வாங்குவது என்று யோசித்து ஏனத்தை எடுத்து வாசல்படியில் வைத்துவிட்டுத்தான் அம்மா செருப்பைப் போடுவாள். அவளுடைய மொத்த வித்தையும் அந்த வாசல்படிதான். கூடையில் வந்த கவர்களை எரிக்கவில்லை, புதைக்கவில்லை. ஒழுகுகிற ஓடுகளுக்கு அடியில் ஒவ்வொன்றாகச் செருகினாள். அந்த வருஷ மழைக்கு எங்கள் வீடு ஒழுகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பரோட்டாதான் பெரிய சோதனை. சுடச்சுட சால்னாவைக் கவரில் ஊற்றி நூலால் சுண்டிக் கட்டித் தருகிற அழகுக்கே அப்பா அடிமை. அம்மா தூக்குவாளியை நீட்டியபோது, "எல்லாரும் கவர்ல வாங்குறப்ப நான் மட்டும் வாளியத் தூக்கிட்டு நிக்கவா?" என்றார்.

"நிக்க வேண்டாம். வீட்டுல புளிக்கொழம்பு இருக்கு" என்றாள் அம்மா.

மூன்று ஞாயிறு புளிக்குழம்பு சாப்பிட்டார் அப்பா. நான்காவது ஞாயிறு, "ஏ புள்ள, அந்த வாளி எங்க கெடக்கு?" என்று அவரே கேட்டார். போய் வந்தவர் முகத்தில் சிரிப்பு. வாளியில் வாங்கினால் மாஸ்டர் ஒரு கரண்டி கூட ஊற்றுகிறாராம். அடுத்த வாரம் சந்தில் மூன்று தூக்குவாளிகள் போயின.

அம்மா யாருக்கும் புத்தி சொல்லவில்லை. எங்கள் பின்வாசல் குழாயடிக்கு நேராக இருந்தது, அவ்வளவுதான். தினமும் இரண்டரை மணிக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கிற பெண்கள் எல்லாம் அவள் பானைக்குள் கைவிடுவதைப் பார்த்தார்கள். சித்திரை நடுவில் ஒருநாள் எதிர்வீட்டு அத்தை, யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, தன் பானைக்குள் கையை விட்டார். எதையோ எடுத்து அவசரமாகச் சேலைக்குள் மறைத்தார். அம்மா பார்க்காத மாதிரி கொடியில் துணியைத் திருப்பிப் போட்டாள். அந்த மாதக் கடைசியில் எங்கள் சந்தில் வளையல் கழற்றாத வீடு ஒன்றிரண்டுதான்.

எனக்கு மட்டும் எதுவும் சரியாகவில்லை. காலையில் பள்ளிக்குப் போகும்போது சுற்றுவழியாகப் பாலக்கா வீட்டைத் தாண்டிப் போவேன். செவலையின் வாயைத்தான் பார்ப்பேன். அசை போட்டால் அன்றைக்குப் பாடம் ஏறும். தையல் ஆறியது, ரோமம் முளைத்தது. ஆனால் வயிற்றுக்குள் கன்று இருக்கிறதா, போய்விட்டதா? வெளியிலிருந்து பார்த்து எனக்கு என்ன தெரியும்? மாரியம்மனுக்கு முடி தருவதாக வேண்டிக்கொண்டேன். என் பின்னல் இடுப்பைத் தாண்டி இருந்த காலம், சாதாரண வேண்டுதல் இல்லை.

வைகாசியில் ஒரு ஞாயிறு காலை, பின்வாசலில் குரல் கேட்டது. "அக்கா! கெடேரிக் கன்னு போட்டிருக்கு! தாயும் புள்ளையும் நல்லா இருக்கு!"

அம்மா ஓடினாள். பாலக்காவின் கையில் ஒரு தூக்கு, அதில் மஞ்சளாகக் கெட்டியாகச் சீம்பால். கன்று ஈன்றதும் கழுநீர் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் ஒரு பங்கு சீம்பால் வருவது வழக்கம். எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் கொண்டுவந்திருந்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏனம் எடுக்க உள்ளே போனாள்.

வாசலில் நானும் அவரும் மட்டும். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

"பாலக்கா, அந்த நீலக் கவரக் கட்டுனது அம்மா இல்ல. நாந்தான்."

அவர் ஆச்சரியப்படவில்லை. "தெரியும் தாயி" என்றார். "உங்கம்மா பானையத் துழாவி முடிச்சு நான் வாரப்பல்லாம் நீ மாடத்துக்குப் பின்னாடி அழுத மூஞ்சியோட நிப்பியே."

அடிக்கட்டும், திட்டட்டும் என்று நின்றேன். அவர் தூக்கைக் கீழே வைத்துவிட்டு எனக்கு நேராகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"எதுக்குத் தாயி கட்டுன?"

"ஈ மொய்க்காம இருக்கட்டும்னு. செவல சுத்தமா சாப்புடட்டும்னு."

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பி, விரல்களைப் பார்த்தார்.

"மாட்டுக்குக் கை இல்லையே தாயி, அவுக்க" என்றார்.

அதில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன்.